அம்மாவின் முழங்காலும் ஒரு 320டி-யும்

இரண்டு மாதமாக என் மண்டையில் இரண்டே வண்டிகள்தான். ஒன்று 2014 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, கருநீலம், கேட்ட விலை எட்டரை லட்சம். இன்னொன்று புது மாருதி வேகன்ஆர். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதால், எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்தையொட்டி வந்து நின்றது.

320டி-யை ஓட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் காலத்துக்கும் மனசு அரித்திருக்கும். ஒரு ஞாயிறு காலை, கன்டெய்னர் லாரி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரமாகவே போனேன். மிதித்த மாத்திரத்தில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை இருப்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை வேறு.

எங்கள் தண்டையார்பேட்டை மெக்கானிக் தம்பியைக் கூட்டிப்போய் காட்டினேன். அரை மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

“வண்டி சுத்தமா இருக்குண்ணா. ஆனா நீங்க எட்டரை லட்சம் வண்டி வாங்கறதா நினைக்காதீங்க. விலைதான் இறங்கியிருக்கு, பார்ட்ஸ் விலை இறங்கல.”

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புதிதில் 40 லட்சத்தையொட்டி விற்ற வண்டி அது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வண்டி மலிந்துவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் அதன் சஸ்பென்ஷன் ஆர்மும் சென்சாரும் மலியவில்லை. டயர் ரன்ஃப்ளாட் வகை. காற்றே இல்லாமல் 80 கிலோமீட்டர் போகும், அருமையான விஷயம்தான். ஆனால் அப்படி ஒரு டயர் வாங்குகிற காசில் வேகன்ஆருக்கு மூன்று டயராவது போட்டுவிடலாம். பேட்டரி மாற்றினால்கூட வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் இருப்பது எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில். அதில் ஒரு வேலை வந்தால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் தீராது. வாங்குகிறவர்கள் வண்டி விலைக்கு மேல் குறைந்தது இரண்டு லட்சமாவது தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். என்னிடம் அந்த இரண்டு லட்சம் இல்லை.

எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். 320டி ஓடுவது டீசலில், அதன் விலை பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறைவு, எனக்கு ஓட்டமும் குறைவு.

அப்புறம் எங்கள் தெரு. 320டி-யின் அகலம் 1811 மில்லிமீட்டர், வேகன்ஆர் 1620. ஏழரை அங்குலம்தானே என்று தோன்றும். எங்கள் சந்தில் ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், எதிரே வரிசையாக பைக்குகள். அந்த ஏழரை அங்குலம்தான் வண்டி வீட்டு வாசலுக்கு வருமா, முனையிலேயே நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. நீளத்திலும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடுதல். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அந்தச் சுற்றுவழியிலும் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எந்த வண்டி வாங்கினாலும் இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்துவிடுங்கள். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஊசலாடிக்கொண்டுதான் இருந்தது. முடித்துவைத்தது அம்மா. அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரி. 320டி-யின் முன்சீட்டில் உட்கார வைத்தேன். தாழ்வான சீட், உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நானும் மெக்கானிக் தம்பியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம்.

“வண்டி ராஜா மாதிரி இருக்குடா. நான் வீட்டுலயே இருக்கேன், நீ போய்ட்டு வா” என்றார்.

வேகன்ஆரில் சீட் உயரமாக, இடுப்பளவில் இருக்கிறது. குனிய வேண்டாம், எம்பி எழ வேண்டாம். போன வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனோம். வண்டியை நிறுத்திவிட்டு, கை கொடுக்கலாம் என்று நான் இந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள் அம்மா இறங்கி, தேங்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.