எங்கள் தமிழ் சார் ஓட்டுக் கேட்டு வந்தார்

கஞ்சி, பயறு, புளியமரத்தடி அசெம்பிளி என்று பள்ளி மலருக்கு வழக்கம்போல எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் 2025 டிசம்பர் கேரளப் பஞ்சாயத்துத் தேர்தலில் நம் தமிழ் சார் நின்றுவிட்டார். எழுபத்து நான்கு வயதில், சுயேச்சையாக! இனி வேறெதை எழுத?

நமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவர் 'கேபிள் டிவி சார்'. பென்ஷனுக்குப் பிறகு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் இரவு அரசியல் அலசல் என்றால் அவர்தான். எந்தக் கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்தாலும் பேச்சு ஆழியாற்றுக்கு வந்துவிடும். தமிழ்நாடு கேரளாவுக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று. "தமிழ்நாடு தரலைன்னு சொல்லாதீங்க. நம்ம மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்த தண்ணி கடைமடைக்கு ஏன் வரல, அதைச் சொல்லுங்க" என்பார். வந்தவர் துண்டை எடுத்து முகம் துடைப்பார்.

அந்தத் துடைப்பு எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்பில் அசெம்பிளியில் செய்தி வாசித்தேன். "வாய்க்காலில் தண்ணீர் திறப்பு, மக்கள் மகிழ்ச்சி." பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. வராந்தாவிலிருந்து சார் குரல்: "எந்த மக்கள்? பேர் சொல்லு." பள்ளிக்கூடமே சிரித்தது, பெண்கள் வரிசை உட்பட. சாயங்காலம் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து வாய்க்காலின் வால்முனைக்குக் கூட்டிப்போனார். பாளம் பாளமாக வெடித்த மண். நடு வாய்க்காலில் முளையடித்து யாரோ கன்றுக்குட்டி கட்டியிருந்தார்கள். "இதை நாளைக்கு வாசி" என்றார். வாசித்தேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவரின் தேர்தல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது: 'அனைவரின் அன்பைப் பெற்ற வேட்பாளர்.' எந்த அனைவர், பேர் சொல்லுங்க சார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பிரச்சாரம் மட்டும் அவர் பாணிதான். "மூணு ஓட்டுல பிளாக், ஜில்லா ரெண்டும் உங்க கட்சிக்கே போடுங்க. வார்டு ஓட்டை எனக்குத் தாங்க."

தரவில்லை. மூன்றாமிடம். அன்று இரவே கேபிளில் உட்கார்ந்து தன் தோல்வியையும் அலசினார்: "வேட்பாளர் இத்தனை வருஷம் எல்லாரையும் குறை சொன்னார். ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகலை."

தேற்றலாம் என்று போன் செய்தேன். "நம்ம பசங்க ஊர்ல இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க சார்."

"எந்தப் பசங்க? பேர் சொல்லு."

துபாய், ஷார்ஜா, திருப்பூர் என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். "இதுல ஓட்டு இன்னும் இங்க வச்சிருக்கிறவன் யார் யார்?" என்றார். வளைகுடாக்காரர்களாவது பட்டியலில் பெயர் சேர்த்து, லீவு போட்டு நேரில் வந்தால் போடலாம். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வாங்கிய எனக்கு அதுவும் கிடையாது. சாரிடம் சொன்னேன். "சரி, உன்னை விட்டுட்டு எண்ணுவோம்" என்றார்.