டிம்மின்ஸில் ஓர் இரவு

டொராண்டோவிலிருந்து டிம்மின்ஸுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். சட்பரி தாண்டி 144ஆம் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் பெட்ரோல் போடும் இடம்கூட அரிது. இருபுறமும் ஊசியிலைக் காடு, நடுநடுவே ஏரி, மூஸ் மான் குறுக்கே வரும் என்ற எச்சரிக்கைப் பலகை. கனடாவின் கன்ட்ரி இசைப் பாடகி ஷனாயா ட்வைன் வளர்ந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவருக்காக 2001-இல் இங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2013-இல் மூடி, நிலத்தைச் சுரங்க நிறுவனத்துக்கு விற்று, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். 1909-இல் கிடைத்த தங்கத்தால் உண்டான ஊர் இது. தெரிந்துதான் போனேன், ஆனாலும் சுரங்க வேலிக்கு வெளியே நின்றபோது மனசு கேட்கவில்லை.

இரவு பதினொன்றரைக்கு ஊருக்குள் நடந்தேன். ஜூன் மாதத்திலும் குளிர். இந்த நேரத்தில்தான் எட்டு வயது ஷனாயாவை அம்மா தூக்கத்திலிருந்து எழுப்பி மதுவிடுதிக்குக் கூட்டிப்போவாராம். மது விற்பது நின்றபின், எஞ்சியிருந்தவர்களுக்கு நடுவே கிதாரோடு பாடுவாள். பள்ளிக்குச் சாப்பாடில்லாமல் போன பிள்ளை. கிடைத்த சில டாலர் வீட்டுச் செலவுக்கு. அந்த வயதில் என் மகள் இருட்டுக்குப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

வளர்ப்புத் தந்தை ஒஜிப்வே என்ற பூர்வகுடி இனத்தவர். கோடையில் அவரோடு காட்டுக்குள் மரக்கன்று நடும் வேலைக்கும் போயிருக்கிறார் ஷனாயா. அந்தக் காட்டின் கறுப்பு ஈக்கடி எப்படியிருக்கும் என்பதை ஒரே நாளில் தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது 11ஆம் நெடுஞ்சாலை வழியாக ஹன்ட்ஸ்வில்லில் இறங்கினேன். 1987 நவம்பரில் மரம் ஏற்றிவந்த லாரி மோதி ஷனாயாவின் அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. பதின்வயதில் இருந்த தம்பி தங்கையரை இங்கே அழைத்துவந்து, டியர்ஹர்ஸ்ட் விடுதியின் மேடை நிகழ்ச்சியில் பாடித்தான் அவர்களை ஆளாக்கினார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில், 1993-இல் முதல் ஆல்பம், 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 1997 ஆல்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏரிக்கரையில் காரை நிறுத்தி அந்த ஆல்பத்தைப் போட்டேன். அடுத்து 2023-இல் வந்ததை. உண்ணிக்கடியால் வந்த லைம் நோய் குரல் நரம்புகளைப் பாதித்து, 2018-இல் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு பாடியது. குரல் கனத்து, கீழிறங்கியிருக்கிறது. எனக்கு இந்தக் குரல்தான் இன்னும் பிடித்திருக்கிறது. இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.