இலையோடு சேர்ந்து மலையிறங்குதல்: எங்கள் தேனிலவுத் திட்டம்

திருமணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து போகும் முதல் நீண்ட பயணம் ஜப்பானுக்குத்தான், அதுவும் இலையுதிர்காலத்தில்தான் என்பதில் எனக்கும் என் கணவருக்கும் தொடக்கத்திலிருந்தே கருத்து வேறுபாடு இல்லை. எந்த வாரம், எந்த ஊர்கள் என்பதில்தான் பேச்சு நீண்டது. கேட்டவர்கள் எல்லோரும் கியோட்டோ என்றே சொன்னார்கள். ஆனால் கியோட்டோவில் மேப்பிள் மரங்கள் நன்றாகச் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. நாங்கள் மனம் வைத்திருந்த காமிகோச்சிப் பள்ளத்தாக்கோ ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. பனிக்காலத்தை முன்னிட்டு நவம்பர் 15-இல் மூடப்பட்டு, மறு ஆண்டு ஏப்ரல் நடுவில்தான் திறக்கப்படுகிறது. மலையை நல்ல நிறத்தில் பார்க்க வேண்டுமானால் நகரம் பச்சையாக இருக்கும். நகரம் சிவக்கும்வரை காத்திருந்தால் மலை மொட்டையாகிவிடும். இந்த ஒரு சிக்கலைப் புரிந்துகொண்ட பிறகுதான் திட்டம் உருப்பெற்றது.

இலையுதிர்காலம் மலையுச்சியில் தொடங்கி மெல்ல மெல்ல அடிவாரத்துக்கு இறங்கி வருகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் எட்டு டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் இலைகள் நிறம் மாறத் தொடங்கும் என்பது ஜப்பானியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மஞ்சள் நிறமி இலைக்குள் முன்பே இருப்பது. பச்சையம் சிதையும்போது அது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, பகலில் நல்ல வெயிலும் இரவில் கூர்மையான குளிரும் சேரும்போது இலையிலேயே புதிதாக உருவாவது. அதனால்தான் மலைச்சரிவில் ஒரே வகை மரத்திலும் வெயில் படும் பக்கம் முந்திக்கொண்டு சிவந்து நிற்கிறது. உயரத்தை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 2,700 மீட்டரில் உள்ள நோரிகுரா மலையின் உச்சிப்பகுதியில் செப்டம்பர் கடைசியிலேயே நிறம் மாறுகிறது. 1,500 மீட்டரில் உள்ள காமிகோச்சியில் அக்டோபரின் பிற்பகுதி. 600 மீட்டருக்கும் குறைவான தகயாமாவில் அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும். கடலோர நகரமான கானாசாவாவில் நவம்பரின் பிற்பாதி. ஆகவே மேலே தொடங்கி, இலையோடு சேர்ந்து கீழே இறங்குவது என்று முடிவு செய்தோம்.

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து மாட்சுமோட்டோ செல்லும் விரைவு ரயிலின் பெயர் அசுசா. காமிகோச்சிக்குள் ஓடும் ஆற்றின் பெயரும் அதுவே. மாட்சுமோட்டோவில் கருநிறக் கோட்டையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பேருந்தில் மலையேறி ஹிராயு என்னும் வெந்நீரூற்றுக் கிராமத்தில் தங்குகிறோம். காமிகோச்சிக்குள் தனியார் வாகனங்களுக்கு ஆண்டு முழுவதும் அனுமதி இல்லை என்பதால், ஹிராயுவிலிருந்து அரை மணி நேரத்துக்கும் குறைவான பேருந்துப் பயணமே வழி. இந்தத் தடையை நான் மனதார வரவேற்கிறேன். வாகனங்கள் வரிசைகட்டி நிற்காத மலைப் பள்ளத்தாக்கு இன்று எளிதில் கிடைப்பதில்லை.

அங்கே தாய்ஷோ குளத்தருகே இறங்கி, ஆற்றங்கரையோரமாகக் கப்பா பாலம் வரை நடப்பதாகத் திட்டம். 1915-இல் யாகேடாகே எரிமலை வெடித்தபோது சரிந்து வந்த சேறும் பாறையும் ஆற்றை மறித்ததால் உண்டான குளம் அது. நீருக்குள் பட்டுப்போன மரங்களின் கம்பங்கள் இன்றும் நிற்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். எங்களை அக்டோபர் கடைசி வாரத்தை நோக்கி இழுத்தது மேப்பிள் அல்ல, காராமாட்சு என்னும் லார்ச் மரம். ஊசியிலை மரமாக இருந்தும் ஆண்டுதோறும் இலை முழுவதையும் பொன்னிறமாக்கி உதிர்த்துவிடும் மரம் இது. காற்றடிக்கும்போது அந்த ஊசிகள் தங்கத் துகள்போல நடைபாதையில் இறைந்து கிடக்குமாம். மேப்பிள் முடிந்த பிறகு இது உச்சத்துக்கு வருவதால், கூட்டமும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்புகிறோம்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் மிகுதியாக நேரம் எடுத்துக்கொண்டோம். ரியோகன் எனப்படும் மரபான விடுதிகளில் வெந்நீர்க் குளியல் பொதுவாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே இருக்கும். புதிதாக மணமானவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பயணத்தின் இனிய மாலை நேரத்தை ஆளுக்கொரு பக்கம் கழிக்க நேரும். குறிப்பிட்ட நேரத்துக்கு இருவருக்கு மட்டும் ஒதுக்கித் தரும் குளியலிடத்தைக் கஷிகிரி என்கிறார்கள். சில அறைகளுக்குச் சொந்தத் திறந்தவெளித் தொட்டியே உண்டு. நாங்கள் அப்படிப்பட்ட அறையையே தேடினோம். இந்தப் பயணத்தில் வேறெங்கு சிக்கனம் பிடித்தாலும் இங்கே பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரவு உணவு அங்கே குறித்த நேரத்தில், பெரும்பாலும் ஆறு மணியை ஒட்டி, பல சிறு வகைகளாகப் பரிமாறப்படும். தாமதமாகப் போய்ச் சேருவது சமைப்பவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. நவம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்து மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடுவதால், நான்கு மணிக்கு மேல் எந்தப் பயணத்தையும் வைத்துக்கொள்வதில்லை என்று ஒரு விதி செய்துகொண்டோம். இன்னொன்று, என் கணவர் சைவம். காய்கறியை மட்டும் இட்டுச் சமைத்தாலும் அடிப்படைச் சாற்றில் பெரும்பாலும் உலர்ந்த மீன் இருக்கும் என்பதால், "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, மீன்சாறும் கூடாது என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று நேர்மையாகப் பதில் சொல்லும் விடுதிகள் இருக்கின்றன. அந்தப் பதிலை வைத்தே ஹிராயுவில் எங்கள் விடுதியை மாற்றினோம்.

ஹிராயுவிலிருந்து தகயாமா பேருந்தில் ஒரு மணி நேரம். புகழ்பெற்ற இலையுதிர்கால விழா அங்கே அக்டோபர் 9, 10 தேதிகளில் முடிந்துவிடும். தேர்கள் உலா வரும் அந்த விழாவைத் தவறவிடுவதில் என் கணவருக்கு வருத்தம் உண்டு. எனக்கு அவ்வளவாக இல்லை, ஏனென்றால் விழா நாட்களில் அந்தச் சிறு ஊரில் அறை கிடைப்பதே அரிது. சன்மாச்சித் தெருவின் பழைய மர வீடுகளும், மியாகவா ஆற்றங்கரைக் காலைச் சந்தையும் எப்போதும் இருப்பவை. அங்குள்ள சாக்கே என்னும் அரிசி மதுத் தயாரிப்பகங்களின் வாசலில் தேவதாரு வகை மரத்தின் தழைகளைச் செறிவாகக் கட்டிய ஒரு பெரிய உருண்டை தொங்கும். புதிய சாக்கே தயாரானதும் பச்சையாகத் தொங்கவிடப்படும் அது, மாதங்கள் செல்லச் செல்லக் காய்ந்து பழுப்பாகும்; உள்ளே சாக்கே முதிர்ந்துவருவதை அந்த நிறமே தெருவுக்குச் சொல்லிவிடும். நாங்கள் போகும்போது எல்லா உருண்டைகளும் நன்றாகப் பழுத்த நிறத்தில் இருக்கும்.

1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஷிராகாவா-கோ கிராமத்தில் தங்குவதில்லை. வழியில் ஒரு பகல் மட்டும் இறங்குகிறோம். பனி வழுக்கி விழும்படி ஏறக்குறைய அறுபது டிகிரிச் சரிவில் வேயப்பட்ட அந்தக் கூரை வீடுகளில் சில விருந்தினரை ஏற்கின்றன, ஆனால் அறைகளைப் பிரிப்பவை மெல்லிய நெகிழ் கதவுகளே. குடும்பத்தோடு போக அது அருமையான இடம், தேனிலவுக்கு ஏற்றதன்று.

கடைசியாகக் கானாசாவா. இறங்கும் எங்கள் வேகத்துக்கு இலை இறங்காது என்பதால், நாங்கள் போய்ச் சேரும்போது அங்கே மேப்பிள் முழுதாகச் சிவந்திருக்காது. முந்திக்கொள்ளும் செர்ரி மரங்கள் மட்டுமே நிறம் மாறியிருக்கும். இருந்தும் அந்த நகரையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கென்ரோகுயென் பூங்காவில் ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று தொடங்கும் யுகிட்சுரி வேலை. அந்தக் கடலோரத்தில் விழும் பனி ஈரம் மிகுந்து கனமானது. அது படிந்தால் கிளைகள் முறிந்துவிடும். அதற்காகத் தோட்டக்காரர்கள் மரத்தின் நடுவே உயரமான கம்பத்தை நட்டு, அதன் நுனியிலிருந்து வைக்கோல் கயிறுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஒவ்வொரு கிளையையும் தாங்கிக் கட்டுகிறார்கள். முதலில் கட்டப்படுவது காராசாகி என்னும் பெரிய பைன் மரம். வேலை முடிந்ததும் கயிறுகள் சேர்ந்து ஒரு கூம்பு வடிவக் கூடாரம் போலத் தெரியும். வரப்போகும் பாரத்தை எண்ணி இவ்வளவு பொறுமையாக மரங்களைக் காப்பவர்களின் கைவேலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

இரண்டாம் உலகப் போரின் வான்தாக்குதலுக்குத் தப்பிய நகரம் என்பதால் பழைய தெருக்கள் அப்படியே எஞ்சியுள்ளன. மழை மட்டும் நிச்சயம். சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்த ஊர்ச் சொல்வழக்கு; ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையே வருவோருக்கு நீட்டும் குடை என்ற கருத்தில் கட்டப்பட்டது. மழை பிடித்துக்கொண்டால், பட்டறை ஒன்றில் உட்கார்ந்து, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தங்கத் தாளைச் சிறு பெட்டியில் ஒட்டக் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

செலவில் ஒரு குறிப்பு. வெளிநாட்டினருக்கான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. எங்கள் பாதையின் மலைப்பகுதி முழுவதும் தனியார் பேருந்து. இரண்டு ரயில் பயணங்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்கினால் அந்தத் தொகையில் பாதிகூட ஆகாது. பெரிய பெட்டிகளை டோக்கியோவிலிருந்து நேரே கானாசாவா விடுதிக்கு அனுப்பும் சேவை இருப்பதால், மலைக்கு ஆளுக்கொரு தோள்பை போதும். அதில் கனமான மேலாடைக்கு இடம் வேண்டும், ஏனென்றால் காமிகோச்சியின் அக்டோபர் கடைசிக் காலைகள் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டியே இருக்கும்.

ஹிராயு, கானாசாவா அறைகள் உறுதியாகிவிட்டன. நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள் விடுமுறை என்பதால் தகயாமா அறையையும் முன்பே பிடித்துவைத்தோம். ரயில் சீட்டுகள் பயணத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், ஜப்பான் நேரம் காலை பத்து மணிக்குத்தான் விற்பனைக்கு வரும். தகயாமாவின் முதல் இரவை மட்டும் ரத்து செய்யும் வசதியோடு வைத்திருக்கிறோம். லார்ச் மரங்கள் இந்த ஆண்டு தாமதமாகும் என்று முன்னறிவிப்பு சொன்னால், அந்த இரவையும் ஹிராயுவுக்கே மாற்றிக்கொள்வோம்.