சவ்வுக் கொழுப்புகளைப் பற்றித் தெளிவாக எழுதுதல்

செல் சவ்வின் கொழுப்புகள் குறித்த ஆய்வுக் கட்டுரைகளை, அவை இதழ்களுக்குச் செல்லும் முன் படித்துத் திருத்துவது பல ஆண்டுகளாக என் பணி. இத்துறையில் குழப்பம் பெரும்பாலும் மொழிப்பிழையால் வருவதில்லை. இலக்கணம் சிறிதும் பிசகாத ஒரு வாக்கியம், சோதனை அளந்ததைக் காட்டிலும் கூடுதலாகச் சொல்லிவிடுவதால்தான் வருகிறது.

"மருந்து கொடுத்தபின் பாஸ்பாடிடைல்செரின் அதிகரித்தது" என்பது நான் அடிக்கடி காணும் வாக்கியம். நலமான செல்லில் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் சவ்வின் உள் அடுக்கில் இருக்கும். ஃபிளிப்பேஸ் நொதிகள் அதை அங்கேயே வைத்திருக்கின்றன. செல் தன்னை அழித்துக்கொள்ளத் தொடங்கும்போது அது வெளி அடுக்கிலும் தோன்றுகிறது. அனெக்சின் வி என்னும் புரதம், கால்சியத்தின் துணையோடு, வெளியே தென்படுவதைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே அச்சோதனை காட்டுவது இடமாற்றத்தை. செல்லிலுள்ள பாஸ்பாடிடைல்செரினின் மொத்த அளவு சற்றும் மாறாமல் இருந்திருக்கலாம். சவ்வு கிழிந்திருந்தால் அனெக்சின் உள்ளே நுழைந்து உள் அடுக்கையும் பற்றும் என்பதால், கிழிந்த செல்லுக்குள் மட்டுமே நுழையும் புரோபிடியம் அயோடைடு சாயத்தை ஏற்காத செல்களை மட்டும் எண்ணினார்களா என்பதையும் அதே பத்தியில் சொல்லும்படி கேட்பேன். "வெளி அடுக்கில் பாஸ்பாடிடைல்செரின் வெளிப்பட்ட செல்களின் விகிதம் கூடியது" என்று திருத்தும்போது வாக்கியம் நீள்கிறது. அந்த நீளத்தை நான் தயங்காமல் ஏற்கிறேன்.

இதைவிடக் கடினமானது "சவ்வு இளகியது" என்ற கூற்று. லார்டான் சாயம், சவ்வுக்குள் நீர் எவ்வளவு புகுந்துள்ளது என்பதையும் அதன்வழியே கொழுப்புகளின் நெருக்கத்தையும் உணர்த்துகிறது. டிபிஎச் சாயத்தின் ஒளிமுனைவு, அம்மூலக்கூறு எவ்வளவு தடையின்றிச் சுழல்கிறது என்பதைக் காட்டுகிறது. ஒளிரும் சாயமிட்ட சவ்வில் லேசரால் வெளுத்த இடம் மீண்டும் ஒளிர எடுக்கும் நேரமோ பக்கவாட்டு நகர்வைச் சொல்கிறது. இவை மூன்றும் எப்போதும் ஒன்றாகவே மாறுவதில்லை: கொலஸ்ட்ரால் மிகுந்த ஒழுங்குற்ற திரவநிலையில் கொழுப்பமிலச் சங்கிலிகள் நிமிர்ந்து ஒழுங்காக நிற்க, மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஓரளவு விரைவாகவே நகர்கின்றன. எனவே அளந்தது எதுவோ அதன் பெயரையே முடிவுரை வரை வைத்திருக்கும்படி வலியுறுத்துகிறேன். முடிவுகள் பகுதியில் நெருக்கம் என்று எழுதியவர்கள் விவாதத்துக்கு வந்ததும் நகர்வு என்று எழுதிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிரைட்டான் எக்ஸ்-100 என்னும் சோப்புப் போன்ற கரைப்பான் கொண்டு சவ்வைக் குளிரில் கரைத்தபின் எஞ்சும் பகுதியை அப்படியே 'ராஃப்ட்' (சவ்வில் கொலஸ்ட்ரால் மிகுந்து ஒழுங்காக அமைந்த சிறு திட்டு) என்று அழைப்பதும் இவ்வகைதான். கரைப்பானே கொழுப்புகளின் அமைப்பைக் கலைத்து மாற்றக்கூடும் என்பதால், "கரையாத பகுதி" என்று எழுதுவதே நேர்மையானது.

சதவீதத்துக்கும் அடிப்படை சொல்லியாக வேண்டும். கொலஸ்ட்ராலின் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 387. பரவலாகக் காணப்படும் பாஸ்பாடிடைல்கோலின் ஒன்றின் நிறை சுமார் 760. இரண்டும் சம எண்ணிக்கையில் கலந்திருந்தால் கொலஸ்ட்ரால் மோல் கணக்கில் 50 சதவீதம், எடைக் கணக்கில் ஏறக்குறைய 34 சதவீதம். அடிப்படையைக் குறிப்பிடாத அட்டவணையை வேறோர் ஆய்வோடு ஒப்பிடவே முடியாது.

குறியீடுகளிலும் இதே கவனம் தேவை. "பிசி 34:1" என்பது (பிசி என்றால் பாஸ்பாடிடைல்கோலின்) இரு கொழுப்பமிலச் சங்கிலிகளின் மொத்தக் கார்பன்களையும் இரட்டைப் பிணைப்பையும் மட்டுமே சொல்கிறது. மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறைமாலைமானி சங்கிலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டிருந்தால் "பிசி 16:0_18:1" என்றும், அவை பிணைந்துள்ள கிளிசரால் பகுதியில் அவற்றின் இடமும் உறுதியானால் மட்டும் சாய்கோடிட்டு "பிசி 16:0/18:1" என்றும் எழுதலாம். பலர் பழக்கத்தால் சாய்கோட்டை இட்டுவிடுகிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் செய்முறைப் பகுதிக்குத் திரும்பிச் சென்று, இடத்தை எவ்வாறு கண்டறிந்தார்கள் என்று பார்க்கிறேன். அங்கே விடை இல்லாவிட்டால், கட்டுரையில் மட்டுமல்லாமல் படங்களிலும் அட்டவணைகளிலும் அக்குறியீட்டை மாற்றித் தரும்படி கேட்டு எழுதுகிறேன்.