கல் கரையும்போது குளிரும் பூமி

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் முதலையின் உறவினங்கள் வாழ்ந்தன. அவற்றின் புதைபடிவங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. துருவங்களில் நிலையான பனியே இல்லாதிருந்த அந்தப் பூமி, சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமனுள்ள பனியை அண்டார்க்டிகாவில் சுமக்கும் பூமியாக எப்படி மாறியது என்ற கேள்வி என்னை நெடுநாளாகப் பற்றியிருக்கிறது. சூரியனில் இதற்கு விடை இல்லை. அதன் ஒளி யுகந்தோறும் சிறிது சிறிதாகக் கூடித்தான் வருகிறது. பூமியின் மேலோட்டின் பெரும் துண்டுகளாய் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் புவித்தட்டுகளில்தான் விடையைத் தேட வேண்டியிருக்கிறது.

தட்டுகள் விலகும் கடல்நடு முகடுகளிலும், ஒன்றின் அடியில் மற்றொன்று அமிழும் இடங்களில் எழும் எரிமலைகளிலும், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது மழை. வாயுவைக் கரைத்து மெல்லிய அமிலமாக விழும் மழைநீர், சிலிக்கானும் ஆக்சிஜனும் அடங்கிய சிலிக்கேட் பாறைகளைச் சிதைக்கிறது. அதில் பிரியும் கால்சியமும் பைகார்பனேட்டும் ஆறுகள் வழியே கடலை அடைந்து, கடலுயிர்களின் ஓடுகளாகி, அடியில் படிந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகுகின்றன. அந்தக் கல்லும் ஒருநாள் தட்டோடு அமிழ்ந்து வெந்து, அதிலுள்ள கார்பன் எரிமலை வழியே மீள்கிறது. வெப்பம் கூடினால் சிதைவு விரைந்து வாயு குறைகிறது; குளிர்ந்தால் சிதைவு தளர்ந்து வாயு சேர்கிறது. 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் ஆகிய அறிவியலாளர் மூவரும் விளக்கிய இந்தச் சமநிலையை எண்ணும்போதெல்லாம் வியப்பு மேலிடுகிறது.

இந்தியத் தட்டின் பயணத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டும் தெரிகின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு முதலில் வாயுவைக் கக்கியது. பின்னர் அந்தக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை நிலநடுக்கோட்டின் ஈரமண்டலத்துக்குள் நுழைந்து, எளிதில் சிதையும் தன் இயல்பால் வாயுவை உறிஞ்சியது எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆசியாவுடன் மோதியபின் இமயமும் திபெத்தும் உயர்ந்தன. செங்குத்தான மலைகளில் நிலச்சரிவும் பனியாறும் புதிய பாறையை ஓயாமல் திறந்துவிடுவதால் சிதைவு பெருகிப் பூமி குளிர்ந்தது என புவியறிவியலாளர்கள் மொரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் 1992இல் வாதிட்டனர். இதற்கு எழுந்த மறுப்பு வலுவானது: எரிமலைகள் தருவதைவிடச் சிதைவு கொள்வது தொடர்ந்து சற்றே மிகுந்திருந்தாலும், சில பத்து லட்சம் ஆண்டுகளில் காற்றில் வாயுவே மிஞ்சியிராது. எனவே சிதைவின் மொத்த அளவு கூடவில்லை, புதிய பாறை மலிந்ததால் குறைந்த வாயுவிலும் தாழ்ந்த வெப்பத்திலும் அதே அளவு சிதைவு நடக்க முடிந்தது என்ற திருத்தமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

அண்டார்க்டிகாவின் பெரும் பனிப்படலம் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் விலகிய வழியில் அக்கண்டத்தைச் சுற்றி ஓடத் தொடங்கிய நீரோட்டத்தையே பலர் இதற்குக் காரணமாகக் காட்டுகின்றனர். அதற்கும் பங்கு இருக்கலாம். ஆயினும் காற்றில் கரியமில வாயு ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திராவிட்டால், அந்தப் பனி கோடைகளைத் தாண்டி நிலைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.