டிசம்பர் 31-க்கு அப்புறம் நம்ம மெடிக்ளெய்ம்

ஜூலையில் எங்கள் கன்டெய்னர் யார்டை மூடினார்கள். செட்டில்மென்ட் பேப்பரில் கிராஜுவிட்டி, நோட்டீஸ் சம்பளம், லீவு பணம் எல்லாம் போட்டு, கடைசியில் ஒரு வரி: குரூப் மெடிக்ளெய்ம் 31.12.2025 வரை தொடரும். கம்பெனி நமக்கெல்லாம் சேர்த்து எடுத்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் அது. வழக்கமாக வேலையை விட்ட அன்றைக்கே நின்றுவிடும், அதனால் இதைச் சலுகை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் கிராஜுவிட்டிக் கணக்கில் மூழ்கியிருந்தார்கள். நான் டாக்குமென்டேஷன் செக்‌ஷனில் குப்பை கொட்டியவள். எந்தப் பேப்பரிலும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு சுகர், பி.பி. இரண்டும் உண்டு. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், அவர் பெயரில் தனியாக இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. மகள் காலேஜில். மூன்று பேரும் என் பாலிசியை நம்பித்தான் இருந்தோம்.

யோசனை சொல்ல எங்கள் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடு என்றார்கள். அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், எங்களுக்கு ஆகாது. தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு ஈ.எஸ்.ஐ.? மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதோடு எனக்கு அயனாவரம் ஆஸ்பத்திரி வாசல் மூடிவிட்டது. (ஈ.எஸ்.ஐ.யில் இருந்தபடியே ஓய்வு பெற்ற அண்ணன்கள் கவனிக்க: ஐந்து வருடமாவது அதில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டிக் கணவன் மனைவி இருவரும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரிவதில்லை.) "நமக்கு ஸ்டான்லி இருக்குடி" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியை நான் குறைத்துப் பேச மாட்டேன். மெஷினில் மாட்டிய என் அப்பாவின் கையைக் காப்பாற்றிக் கொடுத்த இடம் அது. கை அறுவை சிகிச்சை என்றால் எங்கெங்கிருந்தோ அங்கே வருகிறார்கள். இருந்தாலும் நடுராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனுஷன் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்குள் யோசிக்காமல் நுழைய முடிய வேண்டாமா?

அப்புறம் ஏஜென்ட் தம்பி வந்தார். புது பாலிசி, 10 லட்சம் கவர், பளபளவென்று ஒரு புத்தகம். "சுகரை மட்டும் எழுதாதீங்கக்கா, பிரீமியம் ஏறிடும்" என்றார். புது பாலிசி என்றால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு க்ளெய்ம் கேட்க மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024-க்கு முன்பு அதுவே நான்கு வருடமாக இருந்தது. மறைத்து எழுதினால் இன்னும் மோசம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகுதான், மோசடி என்று நிரூபித்தாலொழிய, கம்பெனி பழையதைக் கிளறி க்ளெய்மை மறுக்க முடியாது. அதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்தால் கேஸ் ஷீட்டில் எடுத்தவுடனே சுகர் எத்தனை வருடமாக என்றுதான் எழுதுவார்கள். தம்பிக்கு கமிஷன் வந்திருக்கும், எனக்கு மறுப்புக் கடிதம் வந்திருக்கும். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர் வாயே திறக்காத விஷயம் மைக்ரேஷன். குரூப் பாலிசியிலிருந்து வெளியேறுகிறவர், அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கோ, மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே கவர் தரும் ஃப்ளோட்டருக்கோ மாறிக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதியிலேயே அது இருக்கிறது. குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழிந்துவிடும். பாலிசி முடிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு பிரீமியத்தைவிட இந்த வருடக் கணக்குதான் பெரிதாகப் பட்டது. சுகரோடு ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு மூன்று வருடக் காத்திருப்பு என்பது சின்ன விஷயமா?

நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பியிடம் சொன்னபோது அவன் கோப்ரா என்ற அமெரிக்கச் சட்டத்தின் கதையை ஆரம்பித்தான். அங்கே வேலை போனாலும் பழைய கம்பெனி இன்சூரன்ஸை 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து, மேலே 2 சதவீதமும் போட்டு நாமே கட்ட வேண்டும். அவன் சொன்ன மாதத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு போனை வைத்தேன்.

இங்கே எனக்குச் சிக்கல் ஹெட் ஆபீஸ் எச்.ஆர். மேடம். "அப்படி எதுவும் கிடையாதே" என்றார், ரொம்ப நம்பிக்கையாக. அவரோடு மல்லுக்கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே நேராக மெயில் போட்டு, அவருக்கும் ஒரு காப்பி வைத்தேன். ஆமாம், உண்டு என்று பதில் வந்தது. சுகர், பி.பி.யை ஒளிக்காமல் எழுதினேன். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட், ஈ.சி.ஜி. கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தோம். ஐந்து லட்சத்துக்கு 34,000 ரூபாய் சொன்னார்கள், சுகருக்காகக் கூட்டியதும் இதில் அடக்கம். தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டதால் ஆறாயிரத்துச் சொச்சம் மிச்சம். குரூப்பில் கவர் மூன்று லட்சம்தான். அந்த மூன்றுக்குத்தான் பழைய வருடங்கள் செல்லும், நான் கூட்டிக்கொண்ட இரண்டு லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து. நியாயம்தான்.

கையெழுத்துப் போடுமுன் பாலிசியில் ரூம் வாடகை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் காட்டிய பாலிசியில் நாளுக்குக் கவரில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். 8,000 ரூபாய் ரூமில் படுத்தால் மீதி மூவாயிரம்தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அந்த வகையில் இரண்டு லட்சம் ஆனால் 1,25,000தான் வரும். மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைப்பவை, டெஸ்ட், ஐ.சி.யு. இவற்றில் அப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எதற்கு வம்பு என்று ரூம் வரம்பே இல்லாத பாலிசியைக் கேட்டு வாங்கினேன். மேலே சொன்ன 34,000 அதற்குத்தான்.

யார்டு ஆட்கள் பலர் மெயிலில் என்ன எழுதுவது என்று கேட்கிறீர்கள். எம்ப்ளாயி நம்பர், குரூப் பாலிசி நம்பர், வீட்டில் யார் யார் எந்தத் தேதியிலிருந்து கவரில் இருக்கிறார்கள், கடைசி வேலை நாள், தனிநபர் பாலிசிக்கு மைக்ரேஷன் வேண்டும் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். மெடிக்ளெய்ம் ஈ-கார்டு, செட்டில்மென்ட் பேப்பர் இரண்டையும் ஸ்கேன் செய்து சேர்த்துவிடுங்கள். 2025 நவம்பர் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஸ்கேன் செய்ய இடமில்லாதவர்கள் தேரடிக் கடைக்கு வாருங்கள், யார்டு ஆள் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் காசு வாங்க மாட்டார்.