விமான நிலைய வாசலில் கடை போடப் போய் நான் பட்ட பாடு

ஒருவழியாக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் ஒரு சின்ன விமான நிலையம். அதன் நுழைவுச் சாலைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே முள்செடி மண்டிக் கிடந்த இடத்தில் எங்கள் கடை வரப்போகிறது. எங்களுக்கு வீடும் கொஞ்சம் நிலமும் நகரி பக்கம். மச்சானும் நானும் நடத்தும் கடை பள்ளிப்பட்டு பக்கம். இரண்டு மாநிலத்திலும் கால் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையில் கூடுதல் தலைவலிகள் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். ஈ-டெண்டர், ஜி.எஸ்.டி. எல்லாம் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பேச்சை என்னிடம் கொண்டுவந்தவர் ஒரு புரோக்கர். "அண்ணா, ஏர்போர்ட்காரன் கஷ்டத்துல இருக்கான், ரோட்டோரமா இருக்கிற நிலத்தை வித்துடப்போறான். இப்பவே முன்பணம் போட்டு வச்சா கிரயம் நம்ம பேர்ல" என்றார். கையில் ஒரு வரைபடம், அதில் மனை மனையாகக் கோடு வேறு. கஷ்டம் என்பது உண்மை. நிலம் விற்பனை என்பது பொய். நம் நாட்டில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் இருக்கும் நிலையங்களில் இப்படிப்பட்ட ஓரத்து இடம் கடைக்காரர்களுக்குக் குத்தகையாகவோ உரிமமாகவோதான் வரும். அதுவும் டெண்டர் வழியாக. அமெரிக்காவில் சிறு ஊர் விமான நிலையங்கள் நிலத்தை விற்பது உண்டு. அங்கேயும் மத்திய அரசு மானியம் வாங்கிய நிலையமாக இருந்தால் அந்த நாட்டு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் அனுமதி வேண்டும், சந்தை விலைக்குக் குறையக் கூடாது, வந்த பணம் விமான நிலையத்துக்கே போக வேண்டும். புரோக்கர் மொபைலில் காட்டிய வீடியோ அங்கே எடுத்தது. இங்கே முன்பணம் கொடுத்தால் போனது போனதுதான்.

நிலையத்துக்கு ஏன் கஷ்டம் என்று தெரிந்துகொள்வது நல்லது. வாடகை பேசும்போது உதவும். சின்ன ஊர்களுக்கும் மலிவாக விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டம் 2016இல் வந்தது. அந்தத் திட்டத்தில் பறக்கும் விமானங்களிடம் ஆணையத்தின் நிலையங்கள் இறங்கும் கட்டணமும் நிறுத்தும் கட்டணமும் வாங்குவதில்லை. ஆனால் ஓடுபாதை, தீயணைப்பு வண்டி, பாதுகாப்பு எல்லாம் ஒரு விமானம் வந்தாலும் பத்து வந்தாலும் இருந்தே ஆக வேண்டும். மிச்சம் இருப்பது கடை வாடகை, பார்க்கிங், விளம்பரப் பலகை. கொச்சி விமான நிலையத்துக்குக் கோல்ஃப் மைதானம் இருக்கிறது, 2015இலிருந்து சொந்தச் சூரிய மின்சாரம் இருக்கிறது. சின்ன நிலையத்துக்கு நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தான். நாம் அவர்களைத் தேடிப் போகும் அளவுக்கு அவர்களுக்கும் நாம் வேண்டும். கூட்டத்தில் கூச்சப்படாமல் கேள்வி கேட்க இந்த நினைப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது.

டிஜிட்டல் கையெழுத்து, போர்ட்டலில் பதிவு, டெண்டர் கட்டணம் எல்லாம் சுலபமாக முடிந்தன. கிளாஸ் 3 கையெழுத்துதான் வேண்டும். கிளாஸ் 2 வழங்குவது 2021இலேயே நின்றுவிட்டது. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறதே, முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாமே என்று நினைப்பவர்கள் டெண்டரை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். அந்தச் சலுகை அரசு நம்மிடம் பொருள் வாங்கும் டெண்டருக்கு. இதில் நாம்தான் அவர்களுக்குப் பணம் கட்டப்போகிறோம், அதனால் எங்கள் டெண்டரில் சலுகை இல்லை.

ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு சுற்று. எங்கள் எண் 33இல் தொடங்கும், தமிழ்நாடு. கடை வரப்போவது ஆந்திராவில், அங்கே 37இல் தொடங்கும் எண் வேண்டும். தொழில் நடக்கும் இடத்தின் ஆதாரம் கொடுத்தால்தான் பதிவு, இடமோ டெண்டர் கிடைத்த பிறகுதான். ஆடிட்டர் சிரித்துவிட்டு, "நகரி பக்கத்து வீடு யார் பேர்ல தம்பி?" என்று கேட்டார். அப்பா பேரில். கரன்ட் பில்லும் அப்பாவின் சம்மதக் கடிதமும் வைத்து அதையே முதன்மை இடமாகக் காட்டி எண் வாங்கிவிட்டோம். பிறகு கடை முகவரியைக் கூடுதல் இடமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி வயிற்றெரிச்சல். சால்வன்சி சான்றிதழ்.

வங்கி கொடுக்க வேண்டிய ஒரு பக்கக் கடிதம் அது. இந்த வாடிக்கையாளர் இவ்வளவு தொகைக்குத் தாங்குவார், வங்கிக்கு இதில் பொறுப்பு இல்லை என்று இரண்டு வரி. எங்கள் வங்கிக் கிளை சொத்து மதிப்புக்கு நிலப் பத்திரம் கேட்டது. நிலம் ஆந்திராவில், நம் பட்டா மாதிரி அங்கே தரும் பட்டாதார் பாஸ்புக் தெலுங்கில். அதை எடுத்துப் பார்த்தபோதுதான் பேர் இடித்தது. ஆந்திரக் காகிதத்தில் வீட்டுப் பேர், அதாவது குடும்பப் பேர், முன்னால் வர வேண்டும். நம் ஆட்களுக்கு வீட்டுப் பேர் ஏது? எப்போதோ யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கட்டத்தை நிரப்ப எங்கள் தாத்தா பிறந்த ஊர்ப் பேரை வீட்டுப் பேராகப் போட்டிருக்கிறார். பாஸ்புக்கில் நான் ஊர்ப் பேரோடு, பான் கார்டில் அப்பா பேரோடு, ஆதாரில் வெறும் இனிஷியலோடு. மூன்று பேரும் ஒரே ஆள் என்று நான் நிரூபிக்க வேண்டும்.

பாஸ்புக்கைத் திருத்தலாம் என்று எம்.ஆர்.ஓ. ஆபீஸுக்கு, நம் ஊர் தாசில்தார் ஆபீஸ் மாதிரி, போனேன். எந்த ஊர் ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கிருந்த கிளார்க் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. பேனா மூடியால் மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "ரேப்பு ரண்டி", நாளைக்கு வா என்றார். மறுநாள் போனால் மீ சேவா என்ற அரசுச் சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு ரசீது கொண்டு வா என்றார். ரசீதோடு போனால், ஒரே ஆள் என்று நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார். இதை முதல் நாளே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். திருத்தணியில் முத்திரைத்தாள் வாங்கி, அங்கேயே நோட்டரி போட்டு, பஸ் மாறிப் போய் நீட்டினேன். தாளின் தலைப்பைப் பார்த்தார். "தமிழ்நாடு ஸ்டாம்பா? இக்கட செல்லது." இங்கே செல்லாதாம். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். முத்திரைத்தாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எந்த மாநிலத்தில் பயன்படுத்தப் போகிறீர்களோ அங்கேயே வாங்கி அங்கேயே நோட்டரி போடுங்கள். எல்லையில் இருக்கும் நமக்கு இரண்டு பக்கமும் ஒரே ஊர் மாதிரிதான், கிளார்க்குக்கு அப்படி இல்லை.

டெண்டர் முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாஸ்புக் திருத்தம் அதற்குள் ஆகாது என்று தெரிந்துவிட்டது. மீண்டும் ஆடிட்டர்தான் காப்பாற்றினார். "கேட்டிருக்கிற தொகை என்ன? உங்க டெபாசிட்டும் கடைச் சரக்கும் சேர்த்தா வருதா இல்லையா? அப்புறம் எதுக்கு நிலம்?" அதே வங்கியில் எங்கள் வைப்புத் தொகை இருக்கிறது, நிலமே வேண்டாம். அவர் யூ.டி.ஐ.என். எண்ணோடு (ஆடிட்டர் சான்று அசல்தானா என்று சரிபார்க்கும் எண்) நிகர மதிப்புச் சான்று கொடுத்தார். அதை வைத்துக் கேட்டதும் வங்கியில் மேனேஜர், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். நிலப் பத்திரம் கேட்டது அவருடைய கவுன்டர்தான்! பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வந்தேன். தாங்கும் தொகை கையிருப்பிலும் வைப்பிலும் வந்துவிட்டால் நிலக் காகிதத்தை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். கடிதம் டெண்டர் விட்ட அதிகாரியின் பெயருக்கே முகவரியிட்டு இருக்கிறதா என்றும் வங்கி வாசலிலேயே நின்று பாருங்கள். எங்களுக்கு முதலில் வந்தது "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று. திரும்ப அடித்து வாங்கினோம்.

இவ்வளவு அலைச்சலில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த இடம் டெண்டருக்கு முந்தைய கூட்டம். கட்டாயம் இல்லை என்று போட்டிருப்பார்கள், பலர் போவதில்லை. போங்கள். கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன பதிலுக்கு மதிப்பு இல்லை, டெண்டர் நிபந்தனைக்கான திருத்தம் என்று போர்ட்டலில் ஏறினால்தான் செல்லும். எங்கள் திட்டத்தில் ஒரு மூலையில் கோழிக்கறிக் கவுன்டர் இருந்தது, வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது போல. அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விலங்குகளை வெட்டுவதற்கும் குப்பை கொட்டுவதற்கும் விமான விதிகளில் தடை இருக்கிறது. பருந்தும் கழுகும் கூடும், விமானத்தில் அடிபடும். நாங்கள் இருப்பதோ வாசலில். கவுன்டர் போனது. மூடி போட்ட குப்பைத் தொட்டியும் தினமும் அள்ளிப்போகும் ஏற்பாடும் வந்தது.

நான் கேட்ட முக்கியமான கேள்வி வாடகையைப் பற்றி. மாதக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை அல்லது விற்பனையில் ஒரு பங்கு, எது அதிகமோ அது, ஆண்டுதோறும் ஏற்றம், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சரி. ஆனால் இருக்கிற விமானமும் நின்றுவிட்டால்? உடானில் விமான நிறுவனத்தின் நஷ்டத்தை ஈடுகட்ட அரசு தரும் இடைவெளி நிதி மூன்று ஆண்டுக்குத்தான். அது முடிந்ததும் பறக்காமல் நின்றுபோன வழித்தடங்கள் பல. காலி நிலையத்தின் வாசலில் நான் யாருக்கு பிஸ்கெட் விற்பது? பயணிகள் எண்ணிக்கை விழுந்தால் உத்தரவாதத் தொகையும் அதே விகிதத்தில் இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெரிய கம்பெனி ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருத்தம் வந்தபோது நான் கேட்ட அளவுக்கு இல்லை, ஆனால் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனால் குறைப்பு உண்டு என்று ஒரு பத்தி ஏறியிருந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம்.

விலைப் புள்ளி ஏற்றும் நாளில் ஒரு சின்ன விஷயம் பெரிய அடி கொடுக்கும். போர்ட்டலிலிருந்து இறக்கிய எக்செல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. மச்சான் நல்ல எண்ணத்தில் கடைப் பேரைச் சேர்த்து சேமித்துவிட்டான். போர்ட்டல் ஏற்கவில்லை. நேரம் இருந்ததால் மறுபடி இறக்கி நிரப்பினோம். கடைசி மணி நேரத்துக்கு வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அதிகத் தொகை தருவதாகச் சொன்னது நாங்கள்தான், டெண்டர் பாஷையில் ஹெச்1. இரண்டாவது ஆளுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு பெயர்ப் பலகைத் தூண். நிலைய வளாகத்தில் எது எழுந்தாலும் உயரம் பார்ப்பார்கள். எங்கள் சர்வேயர் தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்தது. அவர்களுக்கு வேண்டியது கடல் மட்டத்திலிருந்து தூணின் உச்சி எத்தனை மீட்டர், அந்த இடத்தின் அட்சம், தீர்க்கம் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கில் பாகை, கலை, விகலையாக (டிகிரி, நிமிடம், விநாடி). வீட்டு மனை அளக்கும் சர்வேயர்கள் எல்லாரிடமும் அதற்கான கருவி இருக்காது. முதலிலேயே கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள். உள்ளே, முனையக் கட்டிடத்தில் கடை என்றால் ஒவ்வொரு ஊழியருக்கும் போலீஸ் சரிபார்ப்பு, நுழைவு அட்டை என்று தனி அலைச்சல். வெளியே இடம் எடுத்ததில் அது மிச்சம்.

ஒப்பந்தம் வந்ததும் வக்கீலிடம் காட்டினோம். அவர் விரல் வைத்த இடங்கள் இரண்டு. எங்களுடையது உரிமம், குத்தகை இல்லை. இடத்தின் மேல் நமக்கு எந்த உரிமையும் பிறக்காது, அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது. காலம் முடிந்து உட்கார்ந்திருந்தால் வெளியேற்ற ஆணையத்துக்கே சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது, 2003 திருத்தத்தில் வந்தது. சிவில் கோர்ட் தடை என்று இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே அங்கே பெரிதாக சிமென்ட் கட்டிடம் எழுப்பாதீர்கள். நாங்கள் இரும்புச் சட்டமும் ஷீட்டுமாக, கழற்றிக்கொண்டு போகும்படி போடுகிறோம்.

இப்போது பொருமிக்கொண்டிருப்பது இன்னொன்றுக்காக. கடை கட்டிக்கொள்ள வாடகை இல்லாத காலம் என்று ஒன்று கொடுக்கிறார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது ஒதுக்கீட்டுக் கடிதத் தேதியிலிருந்து ஓடுகிறது, இடத்தை ஒப்படைத்த தேதியிலிருந்து அல்ல. முள்செடி வெட்டி, எல்லைக்கல் நட்டு, கையில் கொடுப்பதற்குள் அதில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. கரன்ட் இணைப்பு இன்னும் வரவில்லை. நீட்டிப்பு கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் கையில் இருக்கிறது. நீங்கள் கூட்டத்துக்குப் போனால் எழுதிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக இதை வையுங்கள்.